யந்திரமே நிபந்தனை விதிப்பதா?

மெழுகால் உருச்செய்து, அதன்மேல் மண்பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய குழியில் உலோகத்தை ஊற்றுவது பழைய வார்ப்பு முறை. இப்பொழுது மெழுகுக்குப் பதிலாக, லேஸர் ஒளி பட்டு இறுகும் ரெஸின் திரவத்தினின்றும் அவ்வுருவை யந்திரமே சமைத்துத் தருகிறது.

அமெரிக்காவில் இத்தகைய யந்திரங்களை விற்கும் த்ரீ-டி ஸிஸ்டம்ஸ் கம்பெனியார், தாங்கள் அங்கீகரியாத ரெஸினை ஊற்றினால் யந்திரம் நின்றுவிடும்படி அதனுள் ஒரு ரேடியோ அடையாளக் கருவியை அமைத்தனர். ரெஸின் விற்றுவந்த டி.எஸ்.எம். டெஸோடெக் கம்பெனியார் 2008-ம் வருஷத்தில் வழக்கிட்டனர். பேடெண்டு மீறல் புகாரும் அதில் உண்டு. எனினும் வழக்கின் உயிர்நிலை ஏகபோகக் கேள்வியே. வேறு முறை யந்திரங்களும் விலைக்குக் கிடைப்பதால், இவ்வகை யந்திரத்திற்குத் தனிச் சந்தை உண்டென்பது ருஜுவாகவில்லை எனக் கீழ்க்கோர்ட்டு வழக்கைத் தள்ளியது. 2014-ல் அப்பீல் கோர்ட்டார் அதை ஊர்ஜிதம் செய்தனர்.

சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பில் பிழை காண்பதரிது. பேடெண்டு உள்ள மாத்திரத்தால் சந்தையாதிக்கம் உண்டென்று ஊகிக்கலாகாதென 2006-லேயே சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஆயினும் 1917-ம் வருஷத்து வழக்கொன்றை நினைக்கவேண்டும். இன்ன படச்சுருளையே ஓட்டலாமென்று சினிமா யந்திரத்தில் தகடு அடித்து விற்றார்கள். யந்திரத்தை உபயோகித்தவர் அதை மதிக்கவில்லை. பேடெண்டுக்காரர் கோர்ட்டுக்கு வந்தார். சுப்ரீம் கோர்ட்டு கைவிரித்தது. அன்று நிபந்தனையை நிறைவேற்றக் கோர்ட்டின் தயவு வேண்டியிருந்தது. இன்று யந்திரமே நிறைவேற்றிவிடுகிறது. கோர்ட்டுக்கு வந்து சந்தையை நிரூபிக்கும் பாரமோ வெளியே நிறுத்தப்பட்ட வியாபாரியின் தலையில்!