டிஃபரன்ஷியலுக்கும் பொருத்தம் பார்க்கணும்ங்க

அமெரிக்காவுல பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வச்சிருக்கிற நண்பர்கள் பலருக்கும் ஒரே ஆசை. பின் டிஃபரன்ஷியலைக் கழட்டிட்டு, எஸ்டிஐ வண்டியோட ஆர்180-ஐ மாட்டணுமாம். இருக்கிற ஆர்160-ல கிரவுன் வீல் 160 மி.மீ., அதுல 180. பெருசு, பலம்... சரிதான். பல் கணக்கு பார்த்தீங்களா மக்களே?

2002 மாடல் டபிள்யூஆர்எக்ஸ் (5 கியர் மேனுவல்) முன்பக்க விகிதம் 3.9, பின்பக்கம் 3.545. கியர்பாக்ஸ்ல இருக்கிற 1.1 டிரான்ஸ்ஃபர் கியர் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுது: 3.545 × 1.1 = 3.9. 2004 எஸ்டிஐ-யில அந்த 1.1 கிடையாது, முன்னும் பின்னும் 3.9. அதை அப்படியே இங்க மாட்டினா பின்பக்கம் 4.29 ஆயிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஓயாத சண்டை. நடுவுல கிடந்து வேகிறது சென்டர் டிஃபரன்ஷியலோட விஸ்கஸ் கப்ளிங். அது கியர்பாக்ஸோட பின்பகுதிக்குள்ள இருக்கு. அப்புறம் செலவு எங்க நிக்கும்?

போதாக்குறைக்கு ஆக்சிலும் அப்படியே பொருந்தாது.

என் கட்சி இதுதான்: இன்ஜின்ல கை வைக்காத வண்டிக்கு ஆர்160 தாராளம். பிடிமானம் போதலைன்னா அதே 3.545-ல நல்ல மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் போடுங்க.

பழைய சாமான் வாங்குறப்போ ஸ்டிக்கரை நம்பாதீங்க. ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பத்து சுற்று சுத்தி, பினியன் சுத்துறதை எண்ணுங்க. 39 வந்தா 3.9, முப்பத்தஞ்சரை கிட்ட வந்தா 3.545.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜனம் நாம. இதுக்கு ஒரு பொருத்தம் பார்க்கக்கூடாதா?