பத்தாண்டுக் கணக்கு எங்கே?

உபகாரச் சம்பளம் என்று ஒரு சொல் இருந்தது, தோழர்களே! பென்ஷனுக்கு அந்நாளைய ஏடுகள் இட்ட பெயர். ஓடாய் உழைத்துத் தேய்ந்தவனுக்குக் கொடுப்பது உபகாரமாம்! அந்தச் சொல்லை விரட்டினோம், ஓய்வூதியம் என்றோம். ஊதியம்! உழைத்த நாளிலே கொடுக்காமல் ஒத்திவைத்த கூலி! சொல் மாறிற்று. ஆனால், அரியலூர்ச் சிமெண்ட் ஆலை வாயிலிலே நின்று, ஷிப்டு முடிந்து புழுதியோடு வெளியே வரும் ஒப்பந்தத் தொழிலாளியை, "ஐம்பத்தெட்டு வயதிலே உமக்கு என்ன வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். கையை விரிப்பார்.

1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் சொல்வது இது: பத்தாண்டுப் பணி இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம். ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் பத்தென்றே கொள்ளும். கடைசி அறுபது மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி, எழுபதால் வகுக்க வேண்டும். சராசரி 12,000, பணி பத்தாண்டு என்றால் 1,714 ரூபாய். அதிலே தேனும் பாலுமா ஓடும்? ஓடாது. கஞ்சி ஓடும். அவர் கண்மூடிய பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பத்தாண்டுதான் பறிபோகிறது! கன்னம் வைத்துத் திருடவில்லை எவரும். கையெழுத்து வாங்கிக்கொண்டே போகிறது. அதே ஆலை, அதே எந்திரம், அதே தூசி. ஒப்பந்தக்காரர் மட்டும் மாறுகிறார். மாறும்போதெல்லாம், "கணக்கை முடித்துக்கொள்" என்கிறார்கள். வீட்டிலே மகளுக்குச் சடங்கு. ஊரிலே சோளம் பொய்த்துக் கடன். படிவம் 10-சி-யிலே கையெழுத்து விழுகிறது. பணம் கைக்கு வருகிறது, ஆண்டு கையைவிட்டுப் போகிறது! ஒருவரிடம் நான்கு ஆண்டு, அடுத்தவரிடம் மூன்று, அதற்கடுத்தவரிடம் மூன்று. உடம்பு பத்தாண்டு தேய்ந்திருக்கிறது. ஏடோ சுழியம் என்கிறது.

அதே 10-சி படிவத்திலே, பணத்துக்குப் பதில் திட்டச் சான்றிதழ் கேட்கவும் வழி இருக்கிறது. அதை வாங்கி வைத்தாலோ, பழைய கணக்கைப் புதிய கணக்கோடு இணைத்தாலோ, ஆண்டுகள் சேரும். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது பணத்தைத் தொடாதே என்று சொல்ல நாம் யார்? ஆனால் எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டாமா?

இன்னொன்று, பலர் அறியாதது. வேலையிலிருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக உழைக்க முடியாதவராகிவிட்டவருக்குப் பத்தாண்டு தேவையில்லை. ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும். மருத்துவப் பரிசோதனை உண்டு. படிவம் 10-டி உண்டு. கை போனவரின் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போகும் தோழர்கள், அந்தப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு போகலாமே!

பெயர்ச் சிக்கலுக்கு வருவோம். 1929-இலே செங்கற்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்ன இயக்கம் இது. இன்றைக்குக் கணிப்பொறி கேட்கிறது, குடும்பப் பெயர் எங்கே என்று! ஆதாரிலே அப்பன் பெயர் பின்னால் ஒட்டிக்கொள்ள, வைப்புநிதி ஏட்டிலே முதலெழுத்து மட்டும் நிற்க, இரண்டும் வேறு ஆள் என்கிறது அந்த மேதை. ஊர்ப் பெயரும் அப்படியே. அரியலூர்க்காரர் ஒருவர், இருந்த இடத்தைவிட்டு நகராமலே திருச்சி மாவட்டத்தவராயிருந்து, 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்தவராகி, 2001-இல் அரியலூர், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007-இல் மறுபடி அரியலூர் ஆனார்! பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

பெயரிலே என்ன இருக்கிறது என்பார்கள் மேட்டுக்குடியினர். பக்கத்துக் கல்லக்குடியைக் கேட்கட்டும்! டால்மியாபுரம் என்ற பெயரை அகற்ற, 1953 ஜூலை 15-இலே கலைஞர் தண்டவாளத்திலே தலைவைத்துப் படுத்த மண். ஊரின் பெயருக்கே அத்தனை என்றால், உழைத்தவனின் பெயர் ஏட்டிலே ஒழுங்காக இருக்க வேண்டாமா? பெயரையும் பிறந்த தேதியையும் திருத்த, பலருக்குத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி தரவேண்டியிருக்கும். ஆகவே வேலையிலிருக்கும்போதே திருத்துங்கள். ஒப்பந்தக்காரர் கடையைக் கட்டிய பிறகு எந்த ஊரிலே தேடுவீர்கள்?

ஏட்டிலேயே இல்லாதவர்கள்? பெரம்பலூர் வெங்காயக் காட்டிலே களை எடுத்தவர், கல்லுடைத்தவர்? அவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகம். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை 1974-இலே, கலைஞர் ஆட்சியிலே பிறந்தது. அது 2023 ஜனவரியில் 1,500 ஆயிற்று. முதியோருக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் 1,200 ஆயிற்று. அந்த 1,200-இலே, மையத்தின் திட்டத்தில் சேர்ந்த அறுபது முதல் எழுபத்தொன்பது வயதினருக்கு டில்லி அளித்த பங்கு இருநூறு. இருநூறு! மனு மறுக்கப்பட்டால் வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்திலே கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலே ஆட்சியர் முன் அந்தத் தாளை வையுங்கள்.

கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோழரும் தம் வைப்புநிதிப் பாஸ்புக்கோடு வரட்டும், கைபேசியிலேயே பார்க்கலாம். படித்த தம்பி ஒருவர் மாதம் மாதமாகச் சரிபார்க்கட்டும். சம்பளத்திலே பிடித்தும் கட்டாத மாதம் தெரிந்தால், ஒப்பந்தக்காரரோடு மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். அவர் கட்டத் தவறினால் ஆலை முதலாளியே பொறுப்பு. ஆலை நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நகலைத் திருச்சி வைப்புநிதி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.