எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

2024இல் சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவு நாள் என்பதால் எங்கள் கரையில் கூட்டம் அதிகம். பந்தல், ஒலிபெருக்கி, வாடகை நாற்காலிகள், நினைவுத் தூணைச் சுற்றிச் சாமந்தி மாலை. எட்டரைக்கு வரவேண்டியவர்கள் பத்தேகாலுக்கு வந்தார்கள். அதற்குள் செம்பில் பால் கொண்டுவந்த பெண்களில் பாதிப் பேர் கடலில் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மைக்கில் "இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி" என்று அறிவித்ததும் எழுந்து தலைகுனிந்து நின்றோம். என் பக்கத்தில் நின்ற பையன், ஏழாம் வகுப்பு படிப்பவன், சட்டையைப் பிடித்து இழுத்தான். "சார், அது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி முறைத்தார். "டேய், மௌன அஞ்சலிடா." பையன் வாயை மூடிக்கொண்டான்.

நாகைக் கடற்கரையில் 33 வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வகுப்பில் என்னிடம் வந்த கேள்விகளில் இதைவிட நல்ல கேள்விகள் அதிகம் இல்லை. ஊரே கூடி நின்ற இடத்தில், கேட்கவேண்டிய நாளில், கேட்கவேண்டியதை அவன் கேட்டான். நாங்கள் அதட்டி அவன் வாயை அடைத்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி கிழியத் தொடங்கியது. கிழிசல் அந்தமான் வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் ஓடியது. அலை வங்கக் கடலைத் தாண்டி எங்கள் கரைக்கு வர இரண்டரை மணி நேரம் ஆனது. அதற்கு முன்பே கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளம் மூழ்கிவிட்டது. நாட்டின் ஒரு கரை மூழ்கியபிறகும் இன்னொரு கரையில் பிள்ளைகள் மணலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் படகு வரக் காத்திருந்தார்கள். யாரும் வந்து சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்றைய நாகை மாவட்டத்துக்காரர்கள். இன்றைய மயிலாடுதுறையும் அப்போது இதில்தான் இருந்தது. பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம்.

யாரும் சொல்லவில்லை என்று எழுதினேன். அந்த 'யாரும்' என்ற சொல்லுக்குள் நானும் இருக்கிறேன். எரிமலை, நிலநடுக்கம், கண்டத்தட்டு எல்லாம் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டியிருக்கிறேன். கடல் ஒருநாள் தெருவுக்குள் வரும், வந்தால் இப்படி இருக்கும், இந்தப் பக்கம் ஓடு என்று ஒரு வகுப்பில்கூடச் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. அதே காலையில் தாய்லாந்தின் புகெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்துக் கொதிப்பதுபோலத் தெரிவதைப் பார்த்துப் பெற்றோரிடம் கத்தினாள். இரண்டு வாரம் முன்னால்தான் அவள் பள்ளியில் புவியியல் ஆசிரியர் இதைப் பாடமாக நடத்தியிருந்தார். கரையிலிருந்த நூறு பேர் அளவில் பிழைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கோ ஒரு ஊரில் என்னைப்போல ஒரு வாத்தியார். அவர் சொல்லியிருந்தார்.

அதனால்தான் இந்த இரண்டு நிமிட மௌனத்தின் மேல் எனக்கு ஆற்றாமை. அது நம் வழக்கமும் அல்ல. முதல் உலகப்போர் முடிந்த மறுவருடம், 1919 நவம்பர் 11 அன்று, பிரிட்டனில் நாடு முழுவதும் நின்று கடைப்பிடித்தார்கள். அங்கிருந்து உலகத்துக்குப் பரவியது. அவர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். நம் சாவு வீட்டில் யார் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்? ஒப்பாரி வைக்கிறவள் போனவன் எப்படி வளர்ந்தான், யாரை நம்பினான், எந்த நேரத்தில் எப்படிப் போனான், யார் கைவிட்டார்கள் என்று வரிசையாக எடுத்துவைப்பாள். அழுகையாகத் தோன்றும். கவனித்துக் கேட்டால் அது முழு வாக்குமூலம். பக்கத்துவீட்டுக் குழந்தைக்குக்கூட அந்தச் சாவின் கதை மனப்பாடம் ஆகிவிடும்.

இப்படி மனப்பாடம் ஆன கதையால் பிழைத்த தீவு ஒன்று உண்டு. சுமத்ராவின் மேற்கே சிமெலுவே. நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு, முதல் அலை பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. மக்கள்தொகை ஏறக்குறைய 78,000. இறந்தவர்கள் 7 பேர். 1907இல் அங்கே இதேபோல் கடல் ஏறி ஊர்களை வாரிக்கொண்டு போயிருந்தது. அதற்கு அவர்கள் மொழியில் 'ஸ்மோங்' என்று பெயர். பூமி பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் ஸ்மோங் வரும், மேட்டுக்கு ஓடு என்று பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 97 வருடம், நாலு தலைமுறை. அன்று அங்கே சைரன் கிடையாது.

எங்கள் கரையில் அதை அப்படியே வாங்கிவைக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். இவ்வளவு தொலைவில் பூமி ஆடுவது பலருக்குத் தெரியவே தெரியாது. தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது. நம் பக்கம் முதலில் நீர் ஏறியது, உள்வாங்கியது அதற்குப் பிறகு. 'கடல் உள்ளே போனால் ஓடு' என்று மட்டும் சொல்லிவைத்தால் எங்கள் பிள்ளைகள் உள்வாங்கட்டும் என்று காத்திருப்பார்கள். இன்னொன்று, மேடையில் பேசுகிற எல்லோரும் 'பனைமர உயர அலை' என்கிறார்கள். அவ்வளவு உயரம் இல்லை. நீர் நிற்காமல் தள்ளிக்கொண்டே வந்த வேகமும், அதில் மிதந்த படகும் மரமும், சீமைக்கருவை முள்ளில் சிக்கிய சேலையும்தான் கொன்றன. பனைமரம் என்று கேட்டு வளரும் பிள்ளை முழங்கால் தண்ணீரைப் பார்த்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான்.

எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். டிசம்பர் 26 கூட்டத்துக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "இங்கிலீசு தேதி சர்க்காருக்கு சார். எம் புள்ளைங்க போனது மார்கழிப் பௌர்ணமி" என்றார். உண்மைதான். அன்று முழுநிலவு நாள். அவர் வீட்டுத் திதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2026இல் ஜனவரி 3. 19 வருடத்துக்கு ஒருமுறை நிலவும் ஆங்கிலத் தேதியும் ஒன்றாகச் சேரும் என்பது என் பாடத்தில் வருகிற கணக்கு. 2023இல் சேர்ந்தது. அன்றைக்கும் அவர் பந்தலுக்கு வரவில்லை.

பௌர்ணமியன்று அவர் வீட்டில் இலை போட்டு, தேன்மிட்டாய், கடலைமிட்டாய், வறுத்த நெத்திலி வைத்துப் படைப்பார். பிறகு தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறுவார். பரிமாறிக்கொண்டே சொல்வார். முதல் அலையில் மூன்று பேரும் தப்பித்து ரோட்டுக்கு வந்துவிட்டதை, தண்ணீர் வடிந்ததும் பீரோவில் இருந்த நகை ஞாபகம் வந்ததை, பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்ததை. "அல போயிருச்சுன்னு திரும்பி வந்தேன் பாரு, அதான்டா நான் பண்ண தப்பு. நீங்க யாரும் திரும்பி வந்துராதீங்க." மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த இலைக்கு நெத்திலி வைப்பார். முதல் அலைக்குப் பின்னாலும் அலைகள் வரும், பெரியதாகவும் வரும் என்பதை நான் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினாலும் அப்படிப் பதியாது.

எங்கள் மாவட்டத்தில் டிசம்பர் 26க்கு முந்தின நாளும் ஒரு நினைவு நாள்தான். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட நாள். அங்கே வருடாவருடம் செங்கொடியோடு வருகிறவர்கள் யார் எரித்தார்கள், ஏன் எரித்தார்கள், வழக்கு என்ன ஆயிற்று என்று உரக்கப் பேசுகிறார்கள். கடல் விஷயத்தில் குற்றவாளி இல்லை, ஆகவே பேசவும் ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரம் பேசவேண்டிய விஷயம் இல்லையா?

நாட்டுக்குப் பாடம் கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2007இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். இன்று சில நிமிடங்களில் தகவல் வந்துவிடும். வந்தபிறகு தெருவில் என்ன நடக்கும் என்பதை 2012 ஏப்ரல் 11 அன்று பார்த்தேன். சுமத்ராவுக்கு அருகே 8.6 அளவில் நிலநடுக்கம், எச்சரிக்கை வந்தது. எங்கள் ஊரே பைக்கிலும் ஆட்டோவிலும் ஒரே பாலத்துக்குப் போய் அடைத்துக்கொண்டது. இளவட்டங்கள் சிலர் செல்போனோடு எதிர்த்திசையில், கடற்கரைக்கு, படம் பிடிக்கப் போனார்கள். நல்லவேளை, அன்று பெரிய அலை எழவில்லை.

இதையெல்லாம் பள்ளியில் சொல்லவேண்டும் என்றால் டிசம்பர் 26க்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அது எப்போதும் அரையாண்டு விடுமுறைக்குள் விழும். இத்தனை வருடத்தில் ஒரு பள்ளி மணிகூட அந்த நாளுக்காக அடித்ததில்லை. நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. 1854இல் ஜப்பானில் ஹமாகுச்சி கோரியோ என்பவர் தன் அறுவடைக் கதிர்க்கட்டுகளுக்குத் தீ வைத்து, அந்த வெளிச்சத்தில் ஊராரை மேட்டுக்கு ஏற்றிக் காப்பாற்றிய நிகழ்ச்சியை ஒட்டி வைத்த தேதி. எங்களுக்கு அது ஐப்பசி மழைக்காலம், பாதி வருடம் மழை விடுமுறை விட்டுவிடுவார்கள். பரவாயில்லை, மழை விட்ட நாளில் நடத்தலாம். டிசம்பர் 26 அழுகிறவர்களுக்கு இருக்கட்டும். அவர்கள் யாரும் மறக்கவில்லை, மறந்துவிடுவார்கள் என்று பந்தல் போடவும் தேவையில்லை. அலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் தனியாக ஒரு நாள் வேண்டும், அன்று பேச்சாளர்களுக்கு மைக் கொடுக்காமல் எங்கள் மீன்கார அம்மாவிடம் கொடுக்கவேண்டும்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பையனைத் தேடிப் பிடித்தேன். ஈர மணலில் குச்சியால் கோடு இழுத்துக் காட்டினேன். இது நம்ம கரை, இது அந்தமான், இது சுமத்ரா. கிழக்கேயிருந்து வந்தது, இப்படி. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப எங்க வீட்லேர்ந்து எந்தத் தெருவுல சார் ஓடணும்?" என்றான்.

வரைந்து காட்டுவதைவிட நடந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். அவன் வீட்டு வாசலிலிருந்து எண்ணத் தொடங்கினான். சந்து, கோயில் திடல், ஐஸ் கம்பெனி, பிறகு நேர்ரோடு. கிட்டத்தில் மாடி உள்ள பெரிய கட்டடம் அவன் படிக்கும் பள்ளிதான். 612 காலடி. என் நடைக்கு ஒன்பது நிமிடம், அவன் ஓடினால் நாலு.

பள்ளிக் கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது.

"லீவுல சார்" என்றான். பிறகு, "அன்னிக்கும் லீவுதானே?"

ஆமாம், அன்றைக்கும் லீவுதான், ஞாயிற்றுக்கிழமை வேறு. அவன் பூட்டை ஒருதரம் ஆட்டிப் பார்த்தான். அப்புறம் மதில் எங்கே தாழ்வாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தான்.