தாங்கிகள் அருகில், மக்கள் வரிசையில்

பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகள் திருகோணமலையின் சீனக்குடாவில் உள்ளன. ஆயினும், 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது சாம்பல்தீவு முதல் கிண்ணியா, மூதூர் வரை மக்கள் எரிபொருளுக்காக வரிசையில் நின்றனர். மண்ணெண்ணெய் இன்றி மீனவர்களின் தொழில் முடங்கியது. தாங்கிகள் இருந்தும், எண்ணெய் வாங்க நாட்டில் அந்நியச் செலாவணி இருக்கவில்லை.

சம்பூரில் திட்டமிடப்பட்ட நிலக்கரி மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கேயே 120 மெகாவோட் சூரிய மின் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. போரினால் இடம்பெயர்ந்து, காணிகளுக்காக நெடுங்காலம் போராடிய மக்களின் வாழ்வாதாரத்துக்கு ஊறு நேராத வகையில் அது முன்னெடுக்கப்படுமாயின் நாம் வரவேற்போம். எனினும், சூரிய மின்சாரம் வீடுகளுக்கு ஒளியூட்டுமேயன்றி, பெற்றோலிலும் டீசலிலும் ஓடும் வாகனங்களின் தேவையைத் தீர்க்காது.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. வாகனங்கள் பெருகப் பெருக எண்ணெய்ச் செலவும் பெருகும் என்பதை மறுப்பதற்கில்லை. நிலாவெளி வீதியில் நேரந்தவறாத பஸ் சேவை இருக்குமாயின், வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் செல்லும் சாம்பல்தீவு மக்கள் மோட்டார் சைக்கிளையும் முச்சக்கர வண்டியையும் மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

மின்சக்திக் கொள்கையை வகுப்போர் பொதுப் போக்குவரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. இல்லையேல், அடுத்த நெருக்கடியிலும் எமது மக்கள், தமிழர் முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, அதே வரிசையில் நிற்க நேரிடும்.