ஒரு பாக்கெட்டில் எத்தனை வேளை? உணவு உறையில் 'பரிமாறும் அளவு' சொல்வதும் சொல்லாததும்

பெங்களூரு: பாக்கெட் உணவுகளின் முகப்பில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு பற்றிய எச்சரிக்கையை எந்த வடிவில் அச்சிடுவது என்ற விவாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளது. நட்சத்திரக் குறியீடா, எச்சரிக்கை முத்திரையா என்ற கேள்வியிலேயே கவனம் குவிந்திருக்கிறது. ஆனால் உறையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இடம்பெறும் 'பெர் சர்வ்', அதாவது ஒரு முறை பரிமாறும் அளவு என்ற சொல், போதிய கவனத்தைப் பெறவில்லை. உறையில் காணப்படும் சதவீத எண்கள் அனைத்தும் இந்த அளவைப் பொறுத்தே கூடுகின்றன அல்லது குறைகின்றன.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2024 ஜூலையில் நடத்திய 44-வது கூட்டத்தில், மொத்த சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் ஆகியவற்றின் விவரத்தைத் தடித்த, பெரிய எழுத்தில் அச்சிடும் பரிந்துரைக்கு ஒப்புதல் அளித்தது. அவ்வாறு பெரிதாக்கப்பட இருப்பது, ஒரு பரிமாறும் அளவில் கிடைக்கும் சத்து நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்ற எண்தான். அளவு சிறியதாக இருந்தால், தடித்த எழுத்தில் தோன்றும் எண்ணும் சிறியதாகவே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு (முத்திரையிடல் மற்றும் காட்சிப்படுத்தல்) ஒழுங்குமுறைகளின்படி, ஊட்டச்சத்து விவரத்தை 100 கிராம் அல்லது 100 மில்லி லிட்டர் அளவுக்கோ, ஒரே முறையில் உண்ணக்கூடிய சிறு பாக்கெட் எனில் முழு பாக்கெட்டுக்கோ அளிக்க வேண்டும். அதனுடன், ஒரு பரிமாறும் அளவு நாள் தேவையில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்ற சதவீதத்தையும் குறிப்பிட வேண்டும்.

இந்தச் சதவீதம் சராசரி வயது வந்தவரின் தேவையை அடிப்படையாகக் கொண்டது. நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி ஆற்றல், 67 கிராம் மொத்தக் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2 கிராம் டிரான்ஸ் கொழுப்பு, 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை, 2,000 மில்லி கிராம் சோடியம் ஆகியவை அதன் அளவுகோல்கள். இந்தச் சோடியம் 5 கிராம் உப்புக்குச் சமம்.

பரிமாறும் அளவு என்பதை, ஒரு முறை உண்ணும்போது வழக்கமாக உட்கொள்ளப்படும் அளவு 'அல்லது உறையில் வரையறுக்கப்பட்ட அளவு' என ஒழுங்குமுறை விளக்குகிறது. சிக்கல் தொடங்கும் இடம் இந்த 'அல்லது' ஆகும். மக்கள் வழக்கமாக எவ்வளவு உண்கிறார்கள் என்பதை அளந்து பார்க்கும் கட்டாயம் இல்லாமல், உற்பத்தியாளரே ஓர் அளவை வரையறுத்துக்கொள்ள இது வழிவிடுகிறது. ஒரே வகைத் தின்பண்டத்தைத் தயாரிக்கும் இரு நிறுவனங்கள் இரு வேறு அளவுகளைக் குறிப்பிட்டால், அவற்றின் சதவீதங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது பொருளற்றதாகிவிடும்.

கணக்கு எப்படி மாறுகிறது?

எடுத்துக்காட்டாக, 150 கிராம் மிக்சர் பாக்கெட் ஒன்றில் 100 கிராமுக்கு 800 மில்லி கிராம் சோடியம் இருப்பதாகக் கொள்வோம். பரிமாறும் அளவு 30 கிராம் என அச்சிடப்பட்டால், அதில் உள்ள சோடியம் 240 மில்லி கிராம். நாள் தேவையில் 12 சதவீதம் என்ற எண் உறையில் இடம்பெறும். மாலைத் தேநீருடன் பாதி பாக்கெட்டை உண்பவருக்குக் கிடைப்பது 600 மில்லி கிராம், அதாவது 30 சதவீதம். முழு பாக்கெட்டும் தீர்ந்தால் 60 சதவீதம். உறையில் பொய் ஏதும் இல்லை. ஆயினும் அதில் உள்ள எண்ணும் வயிற்றுக்குள் சென்ற எண்ணும் ஒன்றல்ல.

குளிர்பானத்திலும் இதே நிலைதான். 100 மில்லி லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை கொண்ட 600 மில்லி லிட்டர் பாட்டிலில் பரிமாறும் அளவு 200 மில்லி லிட்டர் எனில், உறை காட்டுவது 40 சதவீதம். பாட்டிலை ஒருவரே குடித்து முடித்தால் உட்செல்வது 60 கிராம் சர்க்கரை. அது நாள் வரம்பில் 120 சதவீதம்.

போர்ன்விட்டா விவாதம் காட்டிய உண்மை

பரிமாறும் அளவின் முக்கியத்துவத்தை நாடு முழுவதும் உணர்த்தியது 2023 ஏப்ரலில் எழுந்த போர்ன்விட்டா சர்ச்சை. அந்தப் பானப்பொடியில் உள்ள சர்க்கரையை விமர்சித்து ரேவந்த் ஹிமத்சிங்கா வெளியிட்ட காணொளி வேகமாகப் பரவியது. நிறுவனத்தின் சட்ட நோட்டீசைத் தொடர்ந்து அவர் அதை நீக்கினார். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது.

அப்போது உறையில் இருந்த கணக்கின்படி 100 கிராம் பொடியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 37.4 கிராம். அதாவது பொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சர்க்கரை. நிறுவனமோ, 20 கிராம் கொண்ட ஒரு பரிமாறும் அளவில் இருப்பது 7.5 கிராம் மட்டுமே, அது ஏறத்தாழ ஒன்றரை தேக்கரண்டி என விளக்கம் அளித்தது. இரு தரப்பும் கூறிய எண்கள் சரியே. ஒரு தரப்பு 100 கிராம் கணக்கையும், மறுதரப்பு பரிமாறும் அளவின் கணக்கையும் முன்வைத்தன.

குழந்தைகள் விஷயத்தில் மேலும் ஒரு நுட்பம் உள்ளது. ஒழுங்குமுறை கூறும் 50 கிராம் அளவுகோலில் 7.5 கிராம் என்பது 15 சதவீதம். 7 முதல் 9 வயதுக் குழந்தையின் நாள் ஆற்றல் தேவை சுமார் 1,700 கிலோ கலோரி. சர்க்கரையின் பங்கு மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழ் குறைப்பது கூடுதல் நலம் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அந்த 5 சதவீத வரம்பின்படி குழந்தைக்கு உரியது சுமார் 21 கிராம் மட்டுமே. அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு கோப்பைப் பானம் வரம்பில் 35 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. காலையும் இரவும் அருந்தும் பழக்கம் இருந்தால் 70 சதவீதம்.

சர்ச்சை எழுந்த அதே ஆண்டின் இறுதியில், சேர்க்கப்பட்ட சர்க்கரை 100 கிராமுக்கு 32.2 கிராமாகக் குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் விற்கக் கூடாது என இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் அறிவுறுத்தியது. அதே மாதம் ஹார்லிக்ஸ் பானத்தின் பிரிவுப் பெயரை இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் மாற்றியது. எண்களை மக்கள் படிக்கத் தொடங்கினால் சந்தையும் அசையும் என்பதற்கு இவை சான்று.

வைட்ஃபீல்ட் வாடிக்கையாளரின் நிலை

இந்த விவாதத்தின் இரு முனைகளையும் பெங்களூருவின் வைட்ஃபீல்ட் பகுதியில் ஒருங்கே காணலாம். ஹார்லிக்ஸ் உள்ளிட்ட பொருட்களைச் சந்தைப்படுத்தும் யூனிலீவர் குழுமத்தின் ஆய்வு மையம் வைட்ஃபீல்ட் பிரதான சாலையில் அமைந்துள்ளது. அதே சாலையைச் சுற்றி, தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களில் பணிபுரியும் குடும்பங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கின்றன. தமிழகத்தில் இருந்து பணிக்காகக் குடியேறியோரும் அவர்களில் கணிசமானோர். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில் பாக்கெட் உணவு அன்றாடத் தேவையாகிவிட்டது. கைபேசிச் செயலியில் பதிவு செய்தால் சில நிமிடங்களில் பொருள் வாசலுக்கு வந்துவிடுகிறது.

கடையில் வாங்குபவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க முடியும். செயலியில் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு, விற்பனையாளர் பதிவேற்றும் படத்தின் தெளிவைப் பொறுத்தது. காலாவதித் தேதி, தொகுதி எண், அதிகபட்ச சில்லறை விலை போன்ற சில விவரங்கள் நீங்கலாக, உறையில் கட்டாயமான மற்ற விவரங்களை விற்பனைக்கு முன்பே வாடிக்கையாளருக்கு அளிக்க வேண்டும் என்று 2020 ஒழுங்குமுறை கூறுகிறது. பெரிய பாக்கெட் வாங்கினால் விலை குறைவு என்ற சலுகையும் இங்கு வேலை செய்கிறது. பாக்கெட் பெரிதானாலும் உறையில் உள்ள பரிமாறும் அளவு பெரிதாவதில்லை.

மொழியும் ஒரு தடை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். கன்னடமோ தமிழோ கூடுதலாக இடம்பெறலாம், கட்டாயம் இல்லை. பேரக்குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள ஊரில் இருந்து வந்து தங்கும் மூத்தோர் பலருக்கு அந்த அட்டவணை வெறும் கட்டங்களாகவே தெரியும். மேலும், 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத மேற்பரப்பு கொண்ட சிறு உறைகளுக்கு ஊட்டச்சத்து விவரம் அச்சிடுவதிலிருந்து விலக்கு உள்ளது. அவற்றுக்கான விவரத்தைப் பல உறைகள் அடங்கிய பெரிய பொதியில் தந்தால் போதும். பெட்டிக்கடையில் சிறு உறையை மட்டும் வாங்கும் குழந்தையின் கைக்கு அந்த விவரம் வந்து சேராது.

பிற நாடுகளின் அணுகுமுறை

அமெரிக்காவில் பரிமாறும் அளவை நிறுவனங்கள் விருப்பப்படி நிர்ணயிக்க இயலாது. மக்கள் உண்மையில் உண்ணும் அளவின் அடிப்படையில், ஒவ்வொரு உணவு வகைக்கும் அரசே குறிப்பு அளவை வகுத்துள்ளது. 1993-இல் வகுக்கப்பட்ட அளவுகள் 2016-இல் திருத்தப்பட்டன. ஐஸ்கிரீமுக்கு அரைக் கோப்பையாக இருந்த அளவு மூன்றில் இரண்டு பங்கு கோப்பையாகவும், குளிர்பானத்துக்கு 8 அவுன்ஸ் என்பது 12 அவுன்ஸாகவும் உயர்த்தப்பட்டன. 20 அவுன்ஸ் பாட்டிலை ஒரே பரிமாறும் அளவாகவே கணக்கிட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 100 கிராம் அல்லது 100 மில்லி லிட்டர் கணக்கு கட்டாயம். பரிமாறும் அளவு அதற்குத் துணை விவரம் மட்டுமே. இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானங்களுக்கு நிறக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லி லிட்டரில் சர்க்கரை 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 2 கிராமுக்கும் குறைவு எனில் பச்சை, இடைப்பட்டவை மஞ்சள் என அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர் 2022 டிசம்பர் இறுதியில் கொண்டுவந்த 'நியூட்ரி-கிரேட்' முறையும் 100 மில்லி லிட்டரையே அடிப்படையாகக் கொண்டது. எழுத்தறிவோ கணக்கறிவோ இல்லாதவரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே நிறக் குறியீட்டின் நோக்கம்.

தொழில்துறையின் வாதம்

100 கிராம் கணக்கு மட்டுமே போதும் என்பதையும் முழுமையாக ஏற்க இயலாது. ஊறுகாய், நெய், மசாலாப் பொடி போன்றவற்றை எவரும் 100 கிராம் உண்பதில்லை. அவற்றை 100 கிராம் அளவுகோலில் நிறுத்தினால், சிறிதளவு தொட்டுக்கொள்ளும் பொருளும் வயிறு நிரம்ப உண்ணும் பொருளும் ஒரே வரிசையில் நின்றுவிடும். எனவே பரிமாறும் அளவு தேவையற்றது என்று கூறிவிட முடியாது. அதை நிர்ணயிப்பது யார், எந்த அடிப்படையில் என்பதே கேள்வி.

இரு கணக்கும் அருகருகே இருப்பதும், உணவு வகை வாரியாகப் பரிமாறும் அளவை ஆணையமே வகுப்பதும், ஒருவரே ஒரு முறையில் உண்டுவிடக்கூடிய பாக்கெட்டுகளில் முழு பாக்கெட்டின் எண்ணைக் கட்டாயமாக்குவதும் இதற்கான வழிகள். 'சர்க்கரை இல்லாதது' என்ற விளம்பர வாசகத்துக்கு, 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என 2018 ஒழுங்குமுறை ஏற்கெனவே வரையறுத்துள்ளது. வாசகங்களுக்குக் கடைப்பிடிக்கப்படும் கண்டிப்பு சதவீத எண்ணுக்கும் நீட்டிக்கப்படலாம்.

நீதிமன்றத்தின் கெடு

முகப்பு எச்சரிக்கை கோரி '3எஸ் அண்ட் அவர் ஹெல்த் சொசைட்டி' தொடுத்த பொதுநல வழக்கில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 9-ஆம் தேதி, நிபுணர் குழு 3 மாதங்களில் பரிந்துரை அளிக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் மேலும் 3 மாத அவகாசம் வழங்கப்பட்டது. ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவு, அரை நட்சத்திரம் முதல் 5 நட்சத்திரம் வரையிலான மதிப்பீட்டை முன்மொழிந்தது. அந்த மதிப்பீடு 100 கிராம் கணக்கைச் சார்ந்தது. 2024-இல் ஒப்புதல் பெற்ற தடித்த எழுத்துத் திட்டமோ பரிமாறும் அளவைச் சார்ந்தது. ஒரே ஆணையத்தின் இரு திட்டங்கள் இரு அளவுகோல்களில் நிற்பது, இறுதி விதியில் எது நிலைக்கும் என்ற கேள்வியை எழுப்புகிறது.

இது வெறும் அச்சுப் பிரச்சினை அல்ல. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. அதே ஆய்வில் உயர் ரத்த அழுத்தம் உள்ளோர் 35.5 சதவீதம். உப்பையும் சர்க்கரையையும் கணக்கிட்டு உண்ண வேண்டிய நிலையில் உள்ளவர்கள் இவர்கள்.

வாங்குவோர் செய்யக்கூடியது

விதி மாறும் வரை வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியவை சில. முதலில் பாக்கெட்டின் நிகர எடையைப் பரிமாறும் அளவால் வகுத்தால், அதில் எத்தனை 'வேளை' உள்ளது என்பது தெரியும். வீட்டில் ஒருவர் உண்மையில் எத்தனை வேளையை ஒரே முறையில் உண்கிறார் என்று பார்த்து, சதவீதத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். இரு நிறுவனப் பொருட்களை ஒப்பிடும்போது சதவீதத்தை விட்டுவிட்டு 100 கிராம் கணக்கை மட்டுமே பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வாங்கும்போது, அந்தச் சதவீதம் 2,000 கிலோ கலோரி தேவைப்படும் பெரியவருக்கானது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒவ்வொரு வீடும் அதைப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. உண்ணும் அளவையே பரிமாறும் அளவாக அறிவிக்கும் விதி வந்தால், அந்தச் சுமை வாங்குவோரிடமிருந்து தயாரிப்போருக்கு மாறும். அது இறுதி விதியில் இடம்பெறாவிட்டால், எழுத்து எவ்வளவு பெரிதானாலும் எண் சிறியதாகவே நீடிக்கும்.