பட்டாணியின் ரசாயனமும் நமது நம்பிக்கையும்

கடைத்தெருவில் விற்கும் தானியப் பொட்டலங்களிலும் மூலிகைப் பொடி டப்பாக்களிலும் 'ரசாயனம் கலவாதது' என்ற வாசகம் இன்று தவறாமல் காணப்படுகிறது. பூச்சிமருந்தும் செயற்கைச் சாயமும் சேரவில்லை என்பதே அதன் கருத்தாயின் அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. ஆனால் செடியில் விளைந்தது எதுவாயினும் சரீரத்துக்கு இதமே செய்யும் என்று படிப்பவர் பொருள் கொள்வாராயின், அந்த நம்பிக்கைக்கு எதிராகச் சாட்சி சொல்ல நமது குருமாவில் கிடக்கும் பட்டாணியே போதும்.

ஓடித் தப்ப இயலாத தாவரம், தன்னைத் தாக்கும் கிருமிகளுக்கெதிராகத் தானே மருந்து வடித்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த குரூக்ஷாங்க், பெரின் என்னும் இரு விஞ்ஞானிகள், பச்சைப் பட்டாணிக் காயைப் பிளந்து, மணிகளை அகற்றி, அவை அமர்ந்திருந்த குழிகளில் பூஞ்சை வித்துக்கள் கலந்த நீரைத் துளித்துளியாக இட்டு வைத்தார்கள்; பின்னர் அத்துளிகளைத் திரட்டிச் சோதித்தபோது, பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு பொருள் காயிலிருந்து அவற்றில் இறங்கியிருக்கக் கண்டார்கள். 1960-ஆம் ஆண்டில் அவர்கள் தூய நிலையில் பிரித்தெடுத்துப் பைசாட்டின் என்று பெயரிட்ட அப்பொருளே, இவ்வகைத் தற்காப்புப் பொருள்களில் முதன்முதலில் இன்னதென்று நிர்ணயிக்கப்பட்டது. பட்டாணியைத் தாக்கிப் பழகிய சில பூஞ்சைகளோ, பைசாட்டினைச் சிதைக்கும் நொதியைத் தாமும் பெற்றிருக்கின்றன. செடிக்கும் பூஞ்சைக்கும் நெடுங்காலமாக நடந்துவரும் இந்த வழக்கில் மனிதன் வாதியுமல்லன், பிரதிவாதியுமல்லன். அவனுடைய ஆரோக்கியத்தை உத்தேசித்து எந்தச் செடியும் எதையும் உற்பத்தி செய்வதில்லை.

ஆயினும் அப்பொருள்களில் சில நம் உடலில் வேலை செய்வதுண்டு. பச்சையாகத் தின்றால் புரதத்தின் ஜீரணத்தைத் தடுக்கும் பொருள்கள் பட்டாணி விதையில் இருக்கின்றன. நன்றாக வேகவைத்தால் அவற்றின் வலிமை பெரும்பாலும் அழிந்துபோகும். 1950-களில் கல்கத்தாவில் சன்யால் என்னும் ஆராய்ச்சியாளர், பட்டாணியில் கண்டறிந்த சைலோஹைட்ரோகுவினோன் என்ற பொருளைக் கருத்தடைக்காகப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கருத்தரிப்பு குறைந்ததாக அறிவித்தார். எனினும் அது முழு நம்பிக்கைக்குரிய தடையாக அமையவுமில்லை, மருந்தாக நிலைபெறவுமில்லை. இச்செய்தியைக் கேட்டுப் பட்டாணிப் பொரியலைக் கண்டு அஞ்சுவதும், 'பக்கவிளைவில்லாத இயற்கை மருந்து' என்று அதைக் கொண்டாடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்களே; பிரித்தெடுத்து அளந்து கொடுத்த பொருளின் பலனைத் தட்டில் உள்ள பதார்த்தத்தின்மீது ஏற்றுவது நியாயமாகாது.

அளவின் மகிமையைப் பட்டாணியின் நெருங்கிய உறவான கேசரிப் பருப்பு கொடூரமாக நிரூபித்திருக்கிறது. வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கி விளையும் அப்பயிரே, வேறெதுவும் விளையாத காலங்களில் மத்திய இந்தியாவின் ஏழைகளுக்கு ஆகாரமாயிற்று. ரேவா பகுதியில் பண்ணைக் கூலியாகவும் அளந்து போடப்பட்டது. மாதக்கணக்கில் அதையே பிரதான உணவாக உண்டவர்களுக்குக் கால்கள் விறைத்து, கோலூன்றி நுனிக்காலில் நடக்கும் நிலை வந்தது. பலருக்கு அது ஆயுள் முழுவதும் நீங்கவில்லை. 1961-இல் கேசரிப் பருப்பின் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. 1964-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ராவ், அடிகா, சர்மா ஆகியோர் நரம்பைத் தாக்கும் ஒடாப் என்ற அமிலத்தை அதிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். ஊறவைத்து, வேகவைத்து, நீரை இறுத்துக் கொட்டினால் அவ்விஷம் கணிசமாகக் குறையும். பலவகைத் தானியங்களோடு சிறிதளவு உண்டவர்கள் பொதுவாக முடமானதில்லை. ஆகவே செடியில் விஷம் இருந்தது மெய்யே என்றாலும், மனிதனை அதையே தின்னும்படி வைத்த வறுமைதான் அந்நோய்க்குப் பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம். ஒடாப் குறைந்த மஹாதியோரா போன்ற ரகங்களை நம் விஞ்ஞானிகள் உருவாக்கியிருப்பது பாராட்டத்தக்கதே. ஆனால் துவரம் பருப்பில் கேசரியைக் கலந்து விற்பவன், வாங்குகிறவர் அறியாமலே அவர் உண்ணும் அளவை நிர்ணயிப்பதால், அவன் குற்றம் இதனால் எள்ளளவும் குறைவதில்லை.

எனவே இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளை ஏற்பதும், ரசாயனம் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளுவதும் அறிவுடைமையாகா. மூலிகை விற்பவர்களும், பத்திரிகைகளில் ஆரோக்கியக் குறிப்பு எழுதுபவர்களும், இன்ன பொருள், இவ்வளவு, இன்ன பக்குவத்தில், இத்தனை நாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாத எந்த விளம்பரத்தையும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.