கார்டு பாக்கியை மாற்றினால் கட்டணம் ஏன்?

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி வேலை பார்க்கும் மகன், கிரெடிட் கார்டு பாக்கி 50,000 ரூபாயை வேறொரு வங்கியின் கார்டுக்கு மாற்றியிருக்கிறார். 'மூன்று மாதம் வட்டி இல்லை' என்றார்களாம். ஆனால், பில்லில் கூடுதல் தொகை வந்திருக்கிறது. நகையை அடகு வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்கிறார், செஞ்சி பகுதி வாசகர் ஒருவர்.

பதில்: அவசரப்பட வேண்டாம். வட்டி இல்லாவிட்டாலும் மாற்றுக் கட்டணம் உண்டு. அது 2 சதவிகிதம் என்றால் 1,000 ரூபாய். அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி 180 ரூபாய். பாக்கி நிற்கும்போது அதே கார்டில் புதிதாகப் பொருள் வாங்கினால், பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எனவே, முதலில் அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

சலுகைக் காலம் முடிந்தால் வட்டி ஆண்டுக்கு 40 சதவிகிதத்தைத் தொடலாம். அதற்குள் சம்பளத்தில் முடிந்தவரை கட்டட்டும். மீதிக்கு மட்டும் வங்கியில் நகைக்கடன் வாங்கலாம். வட்டி வெகுவாகக் குறையும். பயிர்க்கடனை இதற்குத் திருப்பாதீர்கள். உரத்துக்கும் நடவுக்கும் கை வறண்டுவிடும்.

முன்கூட்டிச் சொல்லாத கட்டணம் இருந்தால், வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரங்களுக்கு: 14448.